நாற்காலிகள் அணி பிரிந்த கோடை

நாடாளுமன்றத் தேர்தலில் நம் பக்கத்து வாக்குப்பதிவு முடிந்த நான்காம் நாள் மத்தியானம், சுனைப்பாக்கம் காலனியில் தேவகியின் கொட்டகைக்குள் அடுக்கி வைத்திருந்த ஐந்நூற்று நாற்பத்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் தாமாகவே அடுக்கிலிருந்து இறங்கி, இரண்டு அணியாகப் பிரிந்து, எதிரெதிரே வரிசை போட்டு நின்றன. மேற்குச் சுவரோரம் இருநூற்று அறுபத்தெட்டு, கிழக்குச் சுவரோரம் இருநூற்று அறுபத்தெட்டு, நடுவில் எந்தப் பக்கமும் முகம் காட்டாமல் மதில் மேல் பூனைகளாக ஏழு. அந்த வாரம் உத்திரமேரூரில் குண்டு நெல் மூட்டைக்கு முப்பது ரூபாய் இறங்கியிருந்தது. சுனைப்பாக்கத்து டீக்கடையில் இரண்டு சேதியையும் ஒரே மூச்சில் பேசினார்கள். நெல் விலைக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வருத்தப்பட்டார்கள்.

யாரும் வாயைப் பிளக்காததற்குக் காரணம் உண்டு. முந்தைய சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் இதே நாற்காலிகளில் இருநூற்று முப்பத்து நான்கு மட்டும் இறங்கி அணி பிரிந்து நின்றன, மிச்சமெல்லாம் வேடிக்கை பார்ப்பதுபோல் அடுக்கிலேயே இருந்தன. காற்றின் வேலை என்று நினைத்துத் தேவகி மறுபடி அடுக்கினார். அடுக்கினால் மறுநாள் அதேபடி நின்றன. முடிவு வந்த அன்று ஒவ்வொரு அணி ஜெயித்த தொகுதிகளோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அதிலிருந்து அவற்றுக்கு ஊரில் ஒரு மரியாதை. மத்தியானச் சாப்பாட்டுக்காகக் கொட்டகை ஷட்டரை இறக்கும் ஒரு மணிக்கும் மறுபடி தூக்கும் இரண்டரை மணிக்கும் இடையில்தான் அவை நகரும். யாராவது தகர ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தால் அன்று முழுக்க அசையாது. பார்க்காமல் இருப்பதே நல்லது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தக் கொட்டகைக்கு ஏஞ்சல் பந்தல் ஸ்டோர் என்று பெயர். பதினெட்டு வருஷத்துக்கு முன் தேவகியின் கணவர் சாம்சன் நாற்பது நாற்காலி, இரண்டு சாமியானா, ஒரு குழாய் ஸ்பீக்கரோடு ஆரம்பித்து, மகள் பேரைக் கடைக்கு வைத்தார். தென்னேரியில் ஒரு கல்யாணப் பந்தலின் மேலிருந்து விழுந்து அவர் இறந்த பிறகு, தேவகியே வியாபாரத்தைக் கையிலெடுத்து ஐந்நூற்று நாற்பது நாற்காலிவரை சேர்த்தார். கடைசி லாட்டில் செங்கல்பட்டு மொத்தக் கடைக்காரர் மூன்றைக் கொசுறாகப் போட்டார். நாடாளுமன்றத்துக்கு எண்ணிக்கை சரியானது அந்தக் கொசுறால்தான். ஊர்க்காரர்கள் காலனிக் கடையில் நாற்காலி எடுக்க ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஊருக்கு வரும் நாற்காலியில் காலனி ஆட்கள் உட்காரக்கூடாது. ஆகவே சாம்சன் ஒவ்வொன்றின் முதுகிலும் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தார். ஊருக்கு வெள்ளை, காலனிக்கு நீலம். வெயிலிலும் மழையிலும் பொட்டு அழிய அழிய மறுபடி வைத்தபோது, எது எந்த நிறம் என்று பார்த்து வைத்தவர் யாருமில்லை. ஊரும் காலனியும் வருஷக்கணக்காகக் கலந்துதான் உட்கார்ந்திருக்கின்றன, ஒருவருக்கும் ஒரு சொறிசிரங்குகூட வந்ததில்லை. ஆனாலும் பொட்டு வேண்டும். பொட்டில்லாத நாற்காலி ஒன்றைக் காதுகுத்து விசேஷத்திலிருந்து திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இத்தனை நாற்காலிக்குச் சொந்தக்காரரான தேவகி, இரண்டரை வருஷமாக எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. சுனைப்பாக்கம் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சமூகத்துப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது அவர் நின்றார், முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதவியேற்ற மறுநாள் ஆபீசுக்குப் போனால், அங்கிருந்த ஒரே நாற்காலியில், உயர்ந்த முதுகும் துருக்கித் துண்டுமாக இருந்த தேக்கு நாற்காலியில், துணைத் தலைவர் ராஜாராம் உட்கார்ந்திருந்தார். ஏரிக்குக் கீழே நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே நாற்காலியில் இருந்தவர்கள். அவர் எழுந்திருக்கவில்லை. பீரோ ஓரமாகத் தேவகிக்கு ஒரு பாய் விரித்திருந்தது. தேவகி பாயில் உட்காரவில்லை, ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து நின்றபடியே முதல் கையெழுத்தைப் போட்டார். மறுநாள் தன் கடை நாற்காலி ஒன்றைத் தலையில் வைத்து இரண்டு கிலோமீட்டர் சுமந்து வந்தார். ஆபீசில் இடம் பத்தாது என்று அதை வராந்தாவில் போட்டார்கள், மூன்றாம் நாள் அது ஏரிக் கால்வாயில் கிடந்தது. மேலே மனுக் கொடுத்தார். விசாரணைக்கு ஆள் வந்த அன்று ஆபீசில் நான்கு நாற்காலிகள் இருந்தன, வந்தவர் போனதும் மூன்றைக் காணவில்லை.

அன்றுதான் தேவகி அந்தச் சபதத்தைச் சொன்னார். கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றியெல்லாம் இல்லை, ஊராட்சிச் செயலர் வினோத்குமாரிடம், கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அந்தச் சேர்ல ஒக்கார்ற வரிக்கும் வேற எந்தச் சேர்லயும் ஒக்கார மாட்டேன். நீ எழுதி வச்சிக்கோ, வினோத்."

அதன்பின் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் சீட்டுக் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றார். கண்டக்டர்களுக்கு அது பழகிவிட்டது. கூட்டங்களில் பெரிய அதிகாரிகள் உட்காரச் சொன்னால் நின்றபடியே நன்றி சொன்னார், பணிவு என்று அவர்கள் மெச்சினார்கள். மகளின் கல்யாணத்தில் ஐந்நூறு பேரை உட்காரவைத்துவிட்டுத் தூணருகே நின்றார். கால் வீங்கியது. டாக்டர் திட்டினார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாளும் பத்து மணிக்கு ஆபீசுக்குப் போய், சாப்பாட்டு நேரம் போக ஐந்து மணிவரை ஜன்னலோரம் நின்றார். ஊர் அதைப் பிடிவாதம் என்றது. பிடிவாதம்தான். அதற்கு வேறு அழகான பெயர் தேட வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நாற்காலிகள் அணி பிரிந்தன. முடிவுக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. டெல்லியில் யார் உட்காரப்போகிறார்கள் என்று நாடே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மேற்கு வரிசையின் முதுகுகளில் ஆளும் அணியின் கூட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை மிச்சமிருந்தது, கிழக்கு வரிசையில் எதிரணியின் கொடி கட்டிய சணல் தொங்கியது. ஆகவே யார் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே ஆட்டோ பிடித்துக் கொட்டகைக்கும் வந்தார்கள். திருப்புட்குழியிலிருந்து ஒரு ஜோசியர் வந்து பார்த்துவிட்டு, தொழிலுக்கு ஆபத்து என்று பேசாமல் போனார். சென்னையிலிருந்து கருத்துக்கணிப்பு எடுப்பவர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். தேர்தல் பறக்கும் படையும் வந்தது. கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை கணிப்பு வெளியிடக்கூடாது என்று சட்டம் இருப்பதால், இது கணிப்பா இல்லையா என்று அவர்கள் வெயிலில் நின்று ஒரு மணி நேரம் யோசித்தார்கள். நாற்காலிகள் யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதால் கணிப்பு ஆகாது என்று தீர்மானித்தார்கள். ஆனாலும் தலைவர் சிலைகளை மூடுவதுபோல் இவற்றையும் மூடிவைப்பது உத்தமம் என்று, தேவகியிடமே சாமியானா வாங்கிப் போர்த்திவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஒழுங்காகப் போர்த்தினார்கள்.

பதினைந்தாம் நாள், கொட்டகையின் பின்பக்கம் பாலித்தீன் சுற்றிக் கிடந்த மாப்பிள்ளை நாற்காலி கிளம்பியது. சிவப்பு வெல்வெட்டும் சிங்கத் தலைக் கைப்பிடியுமாகக் கல்யாண மேடையில் போடுகிற நாற்காலி. அது மத்தியானத்துக்கு ஒரு முழம் என்று நகர்ந்து, முப்பதாம் நாள் மேற்கு அணிக்குள் நுழைந்து, முதல் வரிசை நடுவில் கம்பீரமாக நின்ற நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டாம் வரிசை ஓரத்தில் நின்றது. அங்கே இருந்தது ஒரு பழைய நாற்காலி. அதன் இடது முன்கால் உடைந்து, சாம்சன் இரும்புக் கம்பி வைத்துக் கட்டியது. முதுகில் நீலப் பொட்டு. தேவகி அதை நன்றாகப் பார்த்துக்கொண்டார். டெல்லியில் நாற்காலி யாருக்கு என்பது அன்றைக்கே அவருக்கு விளங்கிவிட்டது, பேர்தான் தெரியாது.

ராஜாராம் அந்த நடு ஏழு நாற்காலிகளின் ஆள். அதாவது, இரண்டு அணியிலும் சேராமல் தனியாக நின்ற ஒரு சிறிய கட்சிக்கு ஒன்றியச் செயலாளர். சட்டமன்றத் தேர்தல் கதை அந்தக் கட்சித் தலைவரின் காதுக்கும் எட்டியிருந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தால் லாபம் என்று நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லும்படி அவர் ராஜாராமுக்குப் போன் போட்டார். சரியாகச் சொன்னால் மாவட்டப் பொறுப்பு. ராஜாராம் வாழ்நாளில் முதல் தடவையாகக் காலனிக்குள் வந்தார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் தடுமாறி, கழற்றாமலே உள்ளே வந்தார். உட்காரவைக்க ஒரு நாற்காலியும் கிடையாது. எல்லாம் வேலையில் இருந்தன. இருவரும் நின்றார்கள்.

"இன்னா தேவகி, எந்தப் பக்கம் சாயுது?"

"சொல்றேங்க ஐயா. நாளைக்கி ஆபீஸ்ல, என் சேர்ல ஒக்காந்துகினு சொல்றேன்."

"உனக்கு இல்லாத சேரா? வூட்ல ஐந்நூறு வச்சிக்கினு கீறியே."

"அது வாடகைக்கு வுடறது. ஜனங்க எனக்குக் குடுத்தது ஒண்ணுதாங்க."

 எண்ணத் தெரியாதா எனக்கு என்பதுபோல் ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமியானாவைத் தூக்கினார். இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வெளியூர்க்காரன் எவனும் செய்திருக்க முடியாத தப்பு. பொட்டு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ராஜாராம் ஒவ்வொரு முதுகாகக் குனிந்து பார்த்து, வெள்ளைப் பொட்டு நாற்காலிகளை மட்டும் எண்ணினார். நாட்டை ஆளுவது யார் என்கிற விஷயத்தில் காலனி நாற்காலிக்கு என்ன சொல் இருக்கும் என்பது அவர் மனசில் கேள்வியாகக்கூட எழவில்லை. தேவகிக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆனால் பொய்யான எண்ணிக்கை தன் கொட்டகையிலிருந்து போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நீலத்தையும் சேர்த்து எண்ணுங்கள் என்று ஒரு தடவை சொன்னார். ராஜாராம் கையை ஆட்டி அடக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெள்ளை முந்நூறில் மேற்கே நூற்றுத் தொண்ணூறு, கிழக்கே நூற்று ஏழு, நடுவில் மூன்று. மாப்பிள்ளை நாற்காலியும் மேற்கே. அது ஒட்டி நின்ற கம்பி கட்டிய நாற்காலி நீலமாக இருந்ததால் அவர் கண்ணில் அது படவேயில்லை.

ஆளும் அணிக்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, பழைய பிரதமரே மறுபடி பிரதமர், முந்திக்கொண்டால்தான் மரியாதை என்று ராஜாராம் சொல்லியனுப்பினார். வீடியோவும் அனுப்பினார். கட்சித் தலைவர் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த சாயங்காலமே, பழைய பிரதமரின் பேரைப் போட்டு, நிபந்தனை எதுவும் இல்லாத ஆதரவுக் கடிதத்தை டெல்லியில் கொடுத்துவிட்டு, பூச்செண்டோடு படமும் எடுத்துக்கொண்டார். அதே சாயங்காலம் தேவகி, சட்டத்தின் தடை நீங்கிவிட்டபடியால், கேட்டவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொன்னார்: இந்தப் பக்கம் இருநூற்று அறுபத்தெட்டு, அந்தப் பக்கமும் அதே, நடுவில் ஏழு. நாற்காலி முதல் வரிசைக்கு இல்லை, இரண்டாம் வரிசையில் காலில் கம்பி வைத்தவருக்கு. ராஜாராமின் எண்ணிக்கைதான் ஊரெல்லாம் பரவியிருந்ததால் தேவகி சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது ஏக்கர் பேசினால் கேட்கிற காது, நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் பேசினால் கேட்குமா?

வாக்கு எண்ணிக்கை அன்று ராத்திரிக்குள் இருநூற்று அறுபத்தெட்டும் இருநூற்று அறுபத்தெட்டும் ஏழும் வந்துவிட்டன. இரண்டு அணியும் ஏழு பேரின் காலில் விழுந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் அந்த ஏழு பேரும் ஏற்கெனவே இனாமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு, பழைய பிரதமர் தலைமையில் சேர மாட்டோம் என்று ஆளும் அணியின் கூட்டாளிகளே அடம்பிடித்ததில், இரண்டாம் வரிசையில் அதிகம் பேசாமல் இருந்த ஓர் அம்மாள் பிரதமரானார். கார் விபத்தில் இடது கால் முறிந்து உள்ளே ஸ்டீல் கம்பி வைத்தவர், மேடை ஏறும்போது லேசாகச் சாய்ந்து நடப்பவர் என்று டிவியில் சொன்னார்கள். எண்ணியதுதான் தப்பு, நாற்காலிகள் தப்பாது என்று சுனைப்பாக்கத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. நிபந்தனையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டபடியால் ஏழு பேரும் ஆளும் அணிக்கே கை தூக்க வேண்டியிருந்தது, ஆனால் பழைய பிரதமரின் பேருக்கு எழுதிய கடிதத்துக்குப் புதியவர் கடன்பட்டவரில்லை. ஏழு பேருக்கும் ஒரு துணை அமைச்சர்கூடக் கிடைக்கவில்லை. கட்சித் தலைவர் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தார், ராஜாராமின் ஒன்றியச் செயலாளர் பதவி ஒரே வரியில் போயிற்று. பதவியேற்பு முடிந்த மத்தியானம் நாற்காலிகள் தாமாகவே மறுபடி அடுக்கில் ஏறிக்கொண்டன. அடுத்த முகூர்த்தத்துக்கு வாடகைக்கும் போயின.

கொட்டகைக்குப் பெரிய மனிதர்கள் வந்து சால்வை போர்த்தினார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தேவகி கேட்டது ஒன்றுதான், அது அவர்கள் யாருடைய கையிலும் இல்லை, அல்லது இருப்பதாக அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை. ராஜாராமோ, போன பதவிக்கும் சேர்த்து ஊராட்சி நாற்காலியில் அழுந்த உட்கார்ந்தார். தேவகி வழக்கம்போல் பத்து மணிக்குப் போய் ஜன்னலோரம் நின்றார். டெல்லிக்கு யார் என்று நாட்டுக்கே சொன்னவருக்குத் தன் கதை எப்போது முடியும் என்று தெரியவில்லை. ஒரு நாள் வீட்டில் தனியாக இருந்தபோது அழுதார். மறுநாளும் போய் நின்றார்.

ஜூன் மாதக் கடைசித் திங்கட்கிழமை, ராஜாராம் சாப்பிடப் போன நேரத்தில், தேக்கு நாற்காலி ஆபீசை விட்டுக் கிளம்பியது. பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு உள்ள கூச்சமெல்லாம் சர்க்கார் நாற்காலிக்கு இல்லை. பட்டப்பகலில், ஆட்கள் பார்க்கவே போயிற்று. வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முனியன், சேர் ஒன்று போயிற்று, ஓரமாகத்தான் போயிற்று என்று பிற்பாடு சாட்சி சொன்னார். சாப்பாட்டுக்கு வீடு வந்திருந்த தேவகி சோற்றில் கை வைக்கும்போது அது கொட்டகை வாசலில் வந்து நின்றது. பக்கத்து வீட்டு மலர்க்கொடி ஓடிவந்து, தேடி வந்த மகாலட்சுமியை நிற்கவைக்காதே, இப்போதே உட்கார், யார் கேட்கப்போகிறார்கள் என்று தேவகியின் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கால்களுக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று அந்தக் கால்களுக்குத்தான் தெரியும்.

"இங்க ஒக்காந்தா இது வெறும் சேரு, மலரு," என்றார் தேவகி. "அங்க ஒக்காந்தாத்தான் பிரசிடெண்டு."

நாற்காலியைத் திருப்பி அனுப்பச் சொல்லி ராஜாராமிடமிருந்து ஆள் வந்தது. ஊரிலிருந்து வந்த இரண்டு பேரும் காலனி முனையிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே வரவும் மனமில்லை, காலனிக்குள் வந்து நின்ற நாற்காலியைத் தொட்டுத் தூக்கவும் மனமில்லை. தலைவர் நாற்காலியைத் தலைவரே எடுத்து வருவார் என்று தேவகி சொல்லியனுப்பினார். கையைக் கழுவிக்கொண்டு, சும்மாடு கூட்டி, தேக்கு நாற்காலியைத் தலையில் ஏற்றினார். இத்தனை வருஷமும் காலனிக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோ, கால்வாய்க் கரையைச் சுற்றியோ கடந்த பெருமாள் கோயில் தெருவில், செருப்புக் காலோடு, தெருவின் நடுவில் நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ராஜாராமின் மனைவி பவளம், வழியை அடைத்து நின்ற தங்கள் வீட்டு ஸ்கூட்டரைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்.

ஆபீசில் ராஜாராம் நின்றுகொண்டிருந்தார். அங்கே அவர் நிற்பதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தேவகி நாற்காலியை மேஜைக்குப் பின்னால் இறக்கினார். முந்தானையால் துடைத்தார்.  பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பிறகு உட்கார்ந்தார்.

ராஜாராம் கிட்டே வந்து, குரலை உயர்த்தாமல், எழுந்திரு என்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். சற்றுமுன் இரண்டு கிலோமீட்டர் தானாக நடந்த நாற்காலி, இப்போது நெல்லை ஏற்றிய லாரிபோல் இம்மியும் அசையவில்லை. தேவகி வினோத்குமாரைப் பார்த்தார்.

"வினோத், வைஸ் பிரசிடெண்ட் நிக்கிறாரு பாரு. ஒரு சேர் எடுத்தாந்து போடு."

வேறு நாற்காலியே ஆபீசில் கிடையாது என்று வினோத்குமார் தரையைப் பார்த்தபடி சொன்னார். இருந்த மூன்றையும் எடுத்துப்போகச் சொன்னவர் யார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்ப நாளைக்கி எங்க கடையிலேர்ந்து ஒண்ணு அனுப்பறேன், வைஸ் பிரசிடெண்ட்," என்றார் தேவகி. "இன்னிக்கி மட்டும் கொஞ்சம் நில்லுங்க."

அவர் நிற்கவில்லை, போய்விட்டார். ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தார், அனுப்பியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், இப்போது வாரம் இரண்டு தடவை வருகிறார். தேவகி முதன்முதலாக உட்கார்ந்த அன்று மூன்று மணிக்கு வினோத்குமார் குடிநீர்க் குழாய் ஃபைலை மேஜைமேல் வைத்தார். தேவகி உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டார். இரண்டரை வருஷமாக ஜன்னல் திட்டில் கோணிக்கொண்டு போன கையெழுத்து, கோட்டின்மேல் நேராக நின்றது. கால் வீக்கம் ஆடி மாதத்துக்குள் வடிந்துவிட்டது. தேக்கு நாற்காலி அதன்பின் ஊருக்குள் எங்கும் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலைவர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினால் மட்டும், வாசற்படிவரை கூட வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறது. அது உள்ளே வந்து தன் இடத்தில் நின்ற பிறகு, வினோத்குமார் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறார்.